நின்றது இதயமா, இறங்கியது ரத்த அழுத்தமா?

அடிக்கடி மயங்கி விழும் பிள்ளைகளைப் பெற்ற அம்மா அப்பாக்களுக்கு,

இதய நோய்ப் பிரிவில் டில்ட் டேபிள் அறையிலும் கேத் லேபிலும் வேலை பார்க்கும் தொழில்நுட்பர் நான். உங்கள் மகளையோ மகனையோ சாய்மேசையில் படுக்கவைத்துப் பட்டை கட்டுவது, மார்பில் ஈசிஜி ஒயர் ஒட்டுவது, மயக்கம் வந்த நொடியில் மேசையைக் கீழே இறக்குவது எல்லாம் என் பொறுப்பு. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நீங்கள், கதவு திறந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறீர்கள். முன்பெல்லாம் "ஒண்ணும் ஆகலையே?" என்று மட்டும் கேட்பீர்கள். இப்போது கூடவே இன்னொன்றும் கேட்கிறீர்கள்: "தொடை வழியா கம்பி விட்டு நரம்பைச் சுட்டுட்டா மயக்கமே வராதாமே, செஞ்சிடலாமா?"

வராந்தாவில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அந்தச் சிகிச்சைமேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆளைப் பார்க்காமல், அவசரப்பட்டுச் செய்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. இரண்டையும் நிதானமாக உங்களிடம் சொல்ல நினைத்து எழுதுகிறேன். முடிவெடுக்க வேண்டியது நீங்களும் உங்கள் பிள்ளையும் மருத்துவரும்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஓடும்போதோ விளையாடும்போதோ விழுகிற பிள்ளை, படுத்திருக்கும்போதே நினைவு தப்புகிற பிள்ளை, முன்னறிகுறி ஏதுமில்லாமல் சட்டென்று சாய்ந்து முகத்தில் அடிபடுகிற பிள்ளை, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்துபோன பிள்ளை, இவர்களுக்கானதல்ல இந்த மடல். அங்கே இதயத் தசையிலோ இதயத்தின் மின்னோட்டத்திலோ கோளாறு இருக்கலாம். ஈசிஜி, எக்கோ எடுத்து இதய மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும்.

நான் பேசுவது பள்ளி பிரேயரில் வெயிலில் நிற்கும்போதும், கோயில் வரிசையில் கூட்டத்தில் நெரிபடும்போதும், ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போதும், காலையில் சாப்பிடாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போதும் வருகிற மயக்கத்தைப் பற்றி. வேசோவேகல் மயக்கம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படி மயங்குகிறவர்கள் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் இருப்பார்கள். பதின்ம வயதில்தான் அதிகம், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். பேய் பிடித்தது, காத்துக் கருப்பு என்று அலைய வேண்டியதில்லை.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. உடம்பு உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி அதைச் சரிக்கட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும், சில சமயம் நிறுத்தியே விடும். அதே நேரம் இறுகியிருக்க வேண்டிய ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும். மூளைக்கு ஆறேழு நொடி ரத்தம் போகாவிட்டால் நினைவு தப்பிவிடும். ஒருவருக்கு இதயம் நிற்பது பெரிதாக இருக்கும், இன்னொருவருக்குக் குழாய் தளர்வது பெரிதாக இருக்கும், பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

சாய்மேசைச் சோதனையை மயக்கத்தைக் கண்டறியப் பயன்படுத்தலாம் என்று லண்டன் மருத்துவர்கள் 1986இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றும் ஏறக்குறைய அதே மேசைதான். 60 முதல் 70 டிகிரி வரை நிமிர்த்தி நிற்கவைப்போம். 20 நிமிடத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் கொடுப்போம். மயக்கம் வருமுன் பிள்ளை கொட்டாவி விடும். மேலுதட்டில் வேர்வை பொடிக்கும், உதடு வெளுக்கும். "அண்ணா, காது அடைக்குது" என்ற குரல் பாதியில் நிற்கும். திரையில் 110 இருந்த நாடி 70 ஆகும், 40 ஆகும், பிறகு கோடு நேராக ஓடும். மூன்று நொடி, ஐந்து நொடி, பத்து நொடிகூட. கண் மேலே செருகிக் கை கால் இரண்டு மூன்று முறை வெட்டும். இந்த வெட்டலைப் பார்த்துவிட்டு வலிப்பு என்று முடிவுகட்டி, வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் எங்கள் அறைக்கு வருகிறார்கள். மேசையை இறக்கியதும் இதயம் தானே துடிக்கத் தொடங்கும். அரை நிமிடத்தில் பிள்ளை கண் விழித்து, "என்ன ஆச்சு?" என்று கேட்கும்.

அடுத்து வரும் பிள்ளையும் அதே மாதிரி வெளுத்து, அதே மாதிரி சரியும். ஆனால் திரையில் நாடி 90ஐ விட்டு அதிகம் இறங்கியிருக்காது. ரத்த அழுத்தம் மட்டும் 60க்குக் கீழே போயிருக்கும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு மயக்கத்துக்கும் வித்தியாசமே தெரியாது. நரம்பைச் சுடும் சிகிச்சை முதல் பிள்ளைக்கு உதவலாம். இரண்டாவது பிள்ளைக்கு உதவ வழியில்லை, ஏனென்றால் சுடுவது இதயத்துக்குப் போகும் நரம்பை. ரத்தக்குழாய்கள் விரிவதை அது தடுக்காது. இந்த மடலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இது புதிதாகத் தெரியவந்த விஷயமும் இல்லை. லண்டனில் தாமஸ் லூயிஸ் 1932லேயே பார்த்து எழுதிவிட்டார். மயங்கியவருக்கு அட்ரோபின் கொடுத்து நாடியை ஏற்றினார். நாடி ஏறியது, ஆனால் ரத்த அழுத்தம் தாழ்ந்தே இருந்தது, ஆளும் முழுதாகத் தெளியவில்லை. தொண்ணூறு வருஷத்துக்கு முன் அவர் கண்டதை மறந்துவிட்டு இன்றைக்கு யாருக்காவது சிகிச்சை செய்தால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஜோசே கார்லோஸ் பச்சோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2005இல் 21 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். கார்டியோ நியூரோ அப்லேஷன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் யோசித்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருகிறது. வேகஸ் நரம்பு நேராக இதயத் தசைக்குள் போய் முடிவதில்லை. இதயத்தின் வெளிப்புறக் கொழுப்புத் திட்டுகளில் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. வேகஸ் கொண்டுவரும் கட்டளையை வாங்கி இதயத்துக்குக் கடத்தும் நரம்பணுக்களின் உடல் அந்த முடிச்சுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதயத்தை வேகப்படுத்தும் எதிர்த்தரப்பு நரம்புகளின் அணு உடல்களோ முதுகெலும்பை ஒட்டித் தூரத்தில் இருக்கின்றன. இதயச் சுவரில் சூடு வைத்தால் வேகத்தைக் கூட்டும் நரம்பின் இழை மட்டும் கருகும், அது திரும்ப வளர்ந்துவிடும். மெதுவாக்கும் தரப்புக்கு அணுவே அழிவதால் மீள்வது கடினம். ஒரே சூட்டில் ஒரு தரப்பு மட்டும் நிரந்தரமாகப் பலவீனமாகும் என்பது அவர்கள் கணக்கு.

கேத் லேபில் நடப்பதையும் சொல்கிறேன். பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். தொடை மடிப்பில் சிரையில் ஊசி ஏற்றி, ரத்தக்குழாய் வழியாகவே கேத்தட்டரை இதயத்தின் வலது மேலறைக்குக் கொண்டுபோவார்கள். திரையில் இதயத்தின் முப்பரிமாண வரைபடம் வண்ண வண்ணமாக எழும். முடிச்சுகள் இருக்கும் இடத்தை அந்த வரைபடத்திலும், அங்கே பதிவாகும் உடைந்த உடைந்த மின்னலைகளிலும் தேடுவார்கள். இடது மேலறைக்கும் போக வேண்டியிருந்தால் நடுச்சுவரில் ஊசியால் துளையிட்டு, ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் கொடுப்பார்கள். பிறகு ரேடியோ அலைச் சூடு. மேற்பெருஞ்சிரை வலது நுரையீரல் சிரையை உரசிப்போகும் இடத்தில் சூடு வைக்கும்போது, 60இல் ஓடிக்கொண்டிருந்த நாடி கண்ணெதிரே 70, 80 என்று ஏறும். அறையில் எல்லோரும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அது போதுமா என்று சரிபார்க்கவும் பச்சோன் குழுவே வழி கண்டுபிடித்தது. கழுத்துச் சிரை வழியாக ஒரு கேத்தட்டரை மண்டையோட்டின் அடிவரை கொண்டுபோய், பக்கத்தில் ஓடும் வேகஸை மின்சாரத்தால் தூண்டுவார்கள். சிகிச்சைக்கு முன் தூண்டினால் இதயம் பல நொடி நின்றுபோகும். முடிந்தபின் அதே தூண்டலுக்கு இதயம் அசைந்து கொடுக்காமல் ஓடினால் வேலை முடிந்தது. இந்தச் சோதனை செய்யாமலும் சிலர் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இருக்கும் இடத்தையே நாடுவேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பேஸ்மேக்கர் வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். 20 வயதுப் பிள்ளைக்கு வைத்தால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். ஒயர் பழுதாகலாம், கிருமி தொற்றலாம். அதனால் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்த மயக்கத்துக்குப் பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் 40 வயது தாண்டியவர்களுக்கே சொன்னது. இளைஞர்களுக்கு வேறு வழி வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் இந்தச் சிகிச்சை வேகமாகப் பரவுகிறது.

ஆனால் பேஸ்மேக்கரின் கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1999இல் ஸ்டூவர்ட் கானலி தலைமையில் வட அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. 54 பேரில் பாதிப் பேருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வைக்காதவர்களில் 70 சதவீதம் பேர் மறுபடி மயங்கினார்கள், வைத்தவர்களில் 22 சதவீதம்தான். உலகமே கொண்டாடியது. ஆனால் யாருக்கு வைத்தோம், யாருக்கு வைக்கவில்லை என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். அதே கானலி தன் முடிவைத் தானே சந்தேகித்து இன்னொரு ஆய்வு செய்தார். 2003இல் வெளிவந்தது. இந்த முறை 100 பேருக்கும் பேஸ்மேக்கர் பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் ஓடவிட்டார். யாருடையது ஓடுகிறது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் ஓடாத பெட்டி வைத்தவர்களில் 42 சதவீதம் பேரும், ஓடும் பெட்டி வைத்தவர்களில் 33 சதவீதம் பேரும் மயங்கினார்கள். வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. முதல் ஆய்வில் கண்ட அவ்வளவு பெரிய பலனில் பெரும்பங்கு, "எனக்குச் சிகிச்சை நடந்துவிட்டது" என்ற தைரியத்திலிருந்து வந்திருக்கலாம். மயக்கம் பயத்தோடு பின்னிக் கிடக்கும் நோய். பயம் போனாலே பாதி குறையும்.

பேஸ்மேக்கர் அத்தோடு தள்ளப்படவும் இல்லை. 2021இல் ஐரோப்பாவில் பயோசிங்க் என்ற ஆய்வு வந்தது. 40 வயது தாண்டியவர்கள், அதிலும் சாய்மேசையில் இதயம் நின்றதாகப் பதிவானவர்கள் என்று 127 பேரை மட்டும் சலித்து எடுத்தார்கள். அங்கேயும் யாருடைய பெட்டி ஓடுகிறது என்று சொல்லவில்லை. ஓடாதவர்களில் 53 சதவீதம் பேர் மயங்கினார்கள், ஓடியவர்களில் 16 சதவீதம் பேர். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தபோது, விவரத்தை மறைத்து நடத்திய சோதனையிலும் பலன் நிலைத்தது.

இப்போது நரம்புச் சிகிச்சையின் நிலைமையைப் பாருங்கள். போலந்தின் வார்சா நகரில் ரோமன் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடந்தது. 48 பேர், ஆளுக்குச் சீட்டுப் போட்டு இரண்டு குழு. நரம்பைச் சுட்ட 24 பேரில் இரண்டு ஆண்டில் 2 பேர்தான் மயங்கினார்கள். மற்ற 24 பேரில் 13 பேர். இதயம் நிற்கும் வகையினரை மட்டுமே சேர்த்தது அதன் பெரிய பலம். ஆனால் ஒரே மருத்துவமனை, சின்ன எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக யாருக்குச் சிகிச்சை நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1999இல் பேஸ்மேக்கர் எங்கே நின்றதோ ஏறக்குறைய அந்தப் படியில் இது நிற்கிறது. 2003இல் நடந்தது இதற்கும் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை; ஆள் தேர்வு சரியாக இருப்பதால் பலன் நிலைக்கும் என்றே நம்புகிறேன். இருந்தாலும் என் நம்பிக்கையை வைத்து நீங்கள் பிள்ளையைக் கேத் லேபுக்கு அனுப்பக்கூடாது. 2024இல் நான்கு சர்வதேச இதய மின்னியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டும் என்ற எல்லையோடுதான் இதை ஏற்கிறது.

ஆபத்தையும் மறைக்க மாட்டேன். தொடையில் ரத்தக்கட்டு சாதாரணம். இதயச் சுவரில் துளை விழுந்து சுற்றியுள்ள உறையில் ரத்தம் தேங்குவது, இடது அறையிலிருந்து ரத்தக்கட்டி போய்ப் பக்கவாதம் வருவது, உதரவிதான நரம்பு பாதிக்கப்படுவது எல்லாம் அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியவை. சிகிச்சை வெற்றி பெற்றால் ஓய்வில் இருக்கும்போதும் நாடி முன்னைவிட பத்துப் பதினைந்து கூடவே இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, சிலருக்குப் படபடப்புத் தொந்தரவாகிவிடும். நரம்பு ஓரளவு திரும்ப வளர்ந்து மயக்கம் மறுபடி வருபவர்களும் உண்டு. முதல் அறிக்கையே 2005இல்தான் வந்தது. 18 வயதில் செய்துகொண்டவர் 60 வயதில் எப்படி இருப்பார் என்று காட்ட உலகில் இன்னும் ஒருவரும் இல்லை. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்யக் கேட்டு வரும் பெற்றோரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

எழுந்து நின்றதும் நாடி 130, 140 என்று பறக்கும் பாட்ஸ் என்ற தொல்லையோடும் சிலர் இதைக் கேட்கிறீர்கள். அதற்கு இது மருந்தே இல்லை; நாடியை மேலும் ஏற்றிவிடும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வரன் பார்க்கத் தொடங்குமுன் யாருக்கும் தெரியாமல் இதை முடித்துவிட வேண்டும் என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கல்யாணத் தேதி இதயத்துக்குள் சூடு வைக்கக் காரணமாகாது. மயக்கம் எத்தனை முறை வருகிறது, விழுந்து அடிபடுகிறதா, படிப்பும் வேலையும் கெடுகின்றனவா, இவைதான் காரணங்கள். உங்கள் மகளுக்கு வருவது வெட்கப்பட வேண்டிய நோயும் இல்லை.

சிகிச்சைக்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். சின்னது என்பதற்காக அலட்சியம் செய்யாதீர்கள். நாளுக்கு இரண்டு இரண்டரை லிட்டர் தண்ணீர், காலைச் சாப்பாடு தவறாமல். ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு உப்பைக் கொஞ்சம் கூட்டலாம். கண் இருட்டத் தொடங்கியதும் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிட, முடிந்தால் படுத்துவிடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். உட்கார இடமில்லாவிட்டால் காலைக் குறுக்கே பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்க வேண்டும், அல்லது இரண்டு கைவிரல்களையும் கோத்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். இந்தப் பயிற்சியை 2006இல் வெளிவந்த ஆய்வில் 223 பேரிடம் சோதித்தார்கள். பயிற்சி இல்லாதவர்களில் 51 சதவீதம் பேர் மயங்கியபோது, பயின்றவர்களில் 32 சதவீதம் பேர்தான் மயங்கினார்கள். காசு இல்லை, ஊசி இல்லை. மிடோட்ரின் மாத்திரைக்கும் ஓரளவு பலன் உண்டு: யாருக்கு எது என்று மறைத்து நடத்தி 2021இல் வந்த சோதனையில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதமும், மிடோட்ரின் எடுத்தவர்களில் 42 சதவீதமும் மயங்கினார்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. பிள்ளை விழுந்ததும் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தி நிற்கவைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். மூளைக்கு ரத்தம் போகவே உடம்பு தரையில் விழுகிறது. நிமிர்த்தினால் மயக்கம் நீளும், வெட்டலும் வரும். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். சாவி தேட வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின்னும் மயக்கம் நிற்கவில்லை, பிள்ளை பெரியவராகிவிட்டார், விழுந்து பல் உடைகிறது, வேலை போகிறது என்றால், அப்போது இந்தச் சிகிச்சையைத் தைரியமாகக் கேளுங்கள். கேட்கும்போது சாய்மேசைச் சோதனையின் முழுத் தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதயம் எத்தனை நொடி நின்றது, அழுத்தம் முதலில் இறங்கியதா இதயம் முதலில் மெதுவானதா என்று அதில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேசையில் வரும் மயக்கமும் வீட்டில் வரும் மயக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை; சந்தேகம் இருந்தால் மார்புத் தோலின் கீழ் சின்ன லூப் ரெக்கார்டர் வைத்து, வீட்டில் வரும் மயக்கத்தையே பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். அட்ரோபின் ஊசி போட்டு நாடி ஏறுகிறதா என்று பார்த்தார்களா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், அவர்களில் ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் மயங்காமல் இருக்கிறார்கள், கடைசியில் வேகஸைத் தூண்டிச் சரிபார்ப்பார்களா என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார்.

எங்கள் அறைக்கு வரும்போது, முந்தைய மயக்கம் எதையாவது செல்போனில் எடுத்திருந்தால் கொண்டுவாருங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை ஒருவர் காலைத் தூக்கிப் பிடிக்கட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். முகத்தின் நிறமும், கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதும், எத்தனை நொடியில் பேச்சு வந்தது என்பதும் தெரியும்படி எடுங்கள். சோதனையன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். பிள்ளை எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
இதய மின்னியல் ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்